திரும்பி வந்த தட்டுகள்

யுத்த காலத்தில் சில வருஷங்கள் நான் ஒரு வயோதிகர் விடுதியில் சோறு போடும் வேலை பார்த்தேன். மதுரைக்குத் தெற்கே, வில்லாபுரம் தாண்டி அவனியாபுரம் போகிற பாதையில், வயல்களுக்கு நடுவே அந்த விடுதி இருந்தது. நாதியற்ற கிழவர் கிழவிகளுக்காக ஒரு நூல் வியாபாரி கட்டிவைத்துவிட்டுச் செத்துப்போன தர்மம். அவருக்குப் பின் அவருடைய மகன் அதை நடத்திவந்தார். அவரை எல்லாரும் முதலாளி என்றுதான் சொல்வார்கள்.

நான் அங்கே போனதற்குத் தர்ம சிந்தனை காரணமில்லை. எங்கள் வீட்டில் தறி நின்றுபோயிருந்தது. நாங்கள் பட்டுநூல்காரர்கள். வீட்டுக்குள் எங்கள் பாஷை, வாசலுக்கு வெளியே தமிழ். யுத்தம் வந்ததும் நூல் கிடைப்பது அரிதாகி, எங்கள் தெருவில் பாதி வீடுகளில் தறிக்குழிக்குள் பூனைகள் குட்டி போட்டன. என் கணவருக்கு நெஞ்சில் சளி. மூட்டை தூக்கவோ வண்டி இழுக்கவோ அவரால் ஆகாது. விடுதியில் பெண்கள் பக்கம் பரிமாற ஒரு பொம்பளை வேண்டுமாம் என்று பக்கத்து வீட்டுக்காரி வந்து சொன்னபோது என் மாமியார் வாயைத் திறக்கவில்லை. மறுநாள் காலையில் எனக்கு முன்னால் எழுந்து, என்னை உட்காரவைத்துத் தலைக்கு எண்ணெய் தடவிச் சீவிவிட்டாள். அதுதான் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

நீளமான ஓட்டுக் கட்டடம். ஆண்களுக்கு ஒரு கூடம், பெண்களுக்கு ஒரு கூடம், நடுவில் சமையல்கட்டு. கொல்லையில் மாட்டுக்கொட்டிலும் கல்லால் ஆன கழுநீர்த் தொட்டியும். சமையல்காரர் நடுவயதுக்காரர், ஒரு காது அவ்வளவாகக் கேட்காது. நான் அவரை அண்ணே என்பேன். எல்லாவற்றையும் மேற்பார்வை பார்த்தவர் ஒரு காரியஸ்தர். முதலாளியின் கடையில் வேலை பார்த்து ஓய்ந்தவர், வற்றலான மனிதர், இடுப்பில் சாவிக்கொத்து எப்போதும் தொங்கும். அங்கே யாரும் யாரையும் அடித்ததில்லை, வைததுகூட அபூர்வம். இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். அங்கே நடந்ததைக் கேட்கிறவர்கள் யாரோ ஒரு கொடியவனைத் தேடுகிறார்கள். அப்படி ஒருவரும் அங்கே இல்லை.

சாப்பாட்டு முறை இப்படி. மணி அடித்ததும் எல்லாரும் சுவரோரம் வரிசையாக உட்கார வேண்டும். எழுந்து வர முடியாதவர்களுக்குப் பாயிலேயே தட்டு வைக்கப்படும். சோறு, குழம்பு, ஒரு கரண்டி மோர். நான் ஒரு கோடியிலிருந்து மறு கோடி வரைக்கும் போட்டுக்கொண்டு போவேன். போட்டு முடித்துத் திரும்பும்போது முதலில் போட்ட தட்டை எடுக்க ஆரம்பித்துவிட வேண்டும். பாத்திரம் கழுவுகிறவள் வேறு ஊரிலிருந்து நடந்து வருகிறவள், வெயிலேறுவதற்குள் அவள் போக வேண்டும். காலில் வலு உள்ளவர்கள், வாயில் பல் உள்ளவர்கள் அதற்குள் சாப்பிட்டு முடித்துவிடுவார்கள். மற்றவர்களுடைய தட்டு பாதிக்கு மேல் அப்படியே இருக்கும்.

"போதுமா ஆத்தா?" என்று கேட்பேன். பெரும்பாலும் தலையை ஆட்டுவார்கள். வந்த புதிதில் அது 'போதும்' என்று சொல்வதாகவே எனக்குப் பட்டது.

"வயசானா வயிறு சுருங்கிரும்மா. அம்புட்டுத்தான் எறங்கும்" என்றார் காரியஸ்தர். அவர் அதை நம்பித்தான் சொன்னார்.

திரும்பி வந்த தட்டுகளை எல்லாம் கழுநீர்த் தொட்டியில் கவிழ்ப்போம். தொட்டி தினமும் நிரம்பி நிற்கும். விடுதியில் இரண்டு பசுக்கள் இருந்தன. அத்தனை கொழுத்த பசுக்களை நான் மதுரையில் வேறெங்கும் பார்த்ததில்லை.

ஆண்கள் கூடத்தில் பரிமாறிக்கொண்டிருந்த ஆள் ஒருநாள் சொல்லாமல் கொள்ளாமல் பட்டாளத்தில் சேர்ந்துவிட்டான். வேறு ஆண்பிள்ளை கிடைக்கிற காலமில்லை அது. அந்தக் கூடத்தையும் நானே பார்க்க வேண்டியதாயிற்று. அப்படித்தான் டவாலி எனக்குப் பழக்கமானார்.

கோர்ட்டில் டவாலியாக இருந்தவர். மார்பில் சிவப்புப் பட்டையும் பித்தளை வில்லையும் தொங்க, ஜட்ஜு அறை வாசலில் நின்று கட்சிக்காரர்களின் பெயரை மூன்று தரம் கூவி அழைக்கிற உத்தியோகம். தல்லாகுளத்தில் வாடகை வீட்டில் குடியிருந்தார். மனைவி தவறிவிட்டாள். ஒரே மகன் மலேயாவுக்குப் போனவன், ஜப்பான்காரன் அங்கே வந்த பிறகு ஒரு தகவலும் இல்லை. விடுதியில் தினமும் முகம் கழுவி, திருநீறு பூசி, சட்டைப் பொத்தான்களைக் கழுத்துவரை போட்டுக்கொள்கிற ஒரே ஆள் அவர்தான். பொத்தானைப் போட அவருக்கு விடிகாலை முழுவதும் ஆகும். இரண்டு கைகளும் அப்படி நடுங்கும். வாயில் ஒரு பல்லும் இல்லை.

சாப்பாட்டு மணி அடித்தால் அவர் சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்துகொள்வார். முதுகுதான் தெரியும். நான் தட்டெடுக்கப் போகும்போது "போதும் தாயி, எடுத்துக்க" என்பார். தட்டில் சோறு அப்படியே இருக்கும். சட்டையிலும் பாயிலும் சுவரோரத்திலும் பருக்கைகள் சிதறிக் கிடக்கும். அவர் அவற்றைத் துண்டால் மூடிக்கொள்வார்.

பங்குனி மாதமாக இருக்கலாம். மத்தியான வெயிலில் விடுதி முழுவதும் சுருண்டு படுத்திருந்தது. வாழைப்பூ மடல்களை மாட்டுக்குப் போடக் கொல்லைக்குப் போனேன். கழுநீர்த் தொட்டிக்கு அந்தப் பக்கம் யாரோ விழுந்து கிடக்கிறதுபோல் இருந்தது. ஓடிப்போய்ப் பார்த்தால் டவாலி. விழுந்திருக்கவில்லை. மண்டியிட்டு, தொட்டியின் விளிம்பை இரண்டு கையாலும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு, முகத்தைக் கழுநீரில் வைத்துக் குடித்துக்கொண்டிருந்தார்.

நான் கூப்பிட்டேனோ அலறினேனோ நினைவில்லை. அவர் நிமிர்ந்தார். மீசையிலும் தாடையிலும் கழுநீர் வடிந்தது. நெற்றித் திருநீறு கரைந்திருந்தது. துண்டால் முகத்தைத் துடைக்கப் பார்த்தார். கை, காதுக்கும் தோளுக்கும் போய் வந்ததே ஒழிய வாய்க்கு வரவில்லை. நான்தான் துடைத்துவிட்டேன். வேண்டாம் என்று சொல்லவில்லை.

"மாடு குடிக்கிறதப் பாத்தேன் தாயி. அதுக்குக் கையே தேவைப்படல" என்றார்.

அங்கேயே சாணித்தரையில் உட்கார்ந்துவிட்டேன். இத்தனை மாதம் "போதும்" என்று அவர் சொல்ல, நான் தட்டை எடுத்துப்போய் இந்தத் தொட்டியில்தானே கொட்டினேன்.

"நாளையிலருந்து நான் ஊட்டிவிடுறேன் ஐயா."

"அது மட்டும் வேண்டாம். கூடத்துல அம்புட்டுப் பேரு பாக்க, ஒரு பொம்பளப் பிள்ள கையால வாங்கித் தின்னுட்டு நான் உசுரோட இருக்கணுமா?" என்றவர், எழுந்திருக்க முடியாமல் என் கையைப் பிடித்துக்கொண்டு, "இத யார்ட்டயும் சொல்லிராத" என்றார்.

வீட்டில் மட்டும் சொன்னேன். என் கணவர் பாயில் சாய்ந்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். இருமல் உச்சத்தில் இருந்த நாட்களில் எழுந்து உட்கார முடியாமல், கெண்டியின் மூக்கை வாயில் வைத்துத்தான் அவர் கஞ்சி குடித்தார். அவரே சொன்னார்: "அந்தக் கெண்டியக் கொண்டு போயேன். ஒருத்தர் ஊட்ட வேண்டாம், அவரே குடிக்கலாம்." வாய் வைத்துக் குடித்தால் எச்சில் என்று பார்க்கிறவள் என் மாமியார். அவளே பரணிலிருந்து கெண்டியை இறக்கிக் கொடுத்து, "கொண்டு போ. திருப்பி மட்டும் கொண்டு வராதே" என்றாள்.

சமையல்கார அண்ணனிடம் கழுநீர்த் தொட்டி விஷயத்தைச் சொல்லாமல், டவாலிக்குக் கை நடுங்குகிறது என்று மட்டும் சொன்னேன். அவர் பெரிய அடுப்பை ஒட்டிய கொடியடுப்பில் ஒரு சட்டி வைத்து, சோற்றைக் குழைய வேகவிட்டு, மத்தால் கடைந்து, உப்பும் மோரும் சேர்த்துக் கொடுத்தார். கொடியடுப்புக்குத் தனி விறகு வேண்டியதில்லை, பெரிய அடுப்பின் அனலே போதும். டவாலி கெண்டியை இரண்டு முழங்கைக்கும் நடுவில் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, தலையைக் குனிந்து மூக்கில் வாய் வைத்து உறிஞ்சினார். கை நடுங்கினாலும் கெண்டி நடுங்கவில்லை. சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார வேண்டிய அவசியம் இல்லாமல், கூடத்தைப் பார்த்து உட்கார்ந்து குடித்தார்.

சில வாரங்களில் அவர் கன்னத்தில் சதை வந்தது. பேச்சும் வந்தது. "கோர்ட்ல நான் ஒரு சத்தம் குடுத்தா ஜில்லாவே ஓடி வரும் தாயி. இங்க ஒரு பருக்கைய வாய்க்குக் கூப்புட்டா வர மாட்டேன்னுருச்சு" என்று அவரே சொல்லிச் சிரிப்பார். என் தமிழில் ஒரு இழுப்பு இருப்பதாகச் சொல்லி, என்னைப் போலவே பேசிக்காட்டுவார். அவரைப் பார்த்துவிட்டுப் பெண்கள் கூடத்திலிருந்து பல்லில்லாதவர்கள் கேட்டார்கள், எங்களுக்கும் அப்படிக் கடைஞ்சு கொடு என்று. அண்ணன் சட்டியைப் பெரிதாக்கினார். அப்போதுதான் எனக்குத் தெரிந்தது, தலையை ஆட்டினவர்களில் எத்தனை பேர் பசியோடு ஆட்டியிருக்கிறார்கள் என்று.

அது நீடிக்கவில்லை. பர்மா அரிசி வருவது நின்று, ரேஷன் வந்தது. முதலில் அரிசி குறைந்தது. பிறகு பாதி அரிசி, பாதி சோளம். பிறகு வாரக்கணக்கில் சோளம் மட்டும். அதுவும் வண்டு விழுந்த சோளம். அண்ணன் கையொடிய இடித்தும் அது மசியவில்லை. பெரிய அடுப்பில் நாள் பூராவும் கிடந்தால்தான் அது வேகும். விறகுக்கும் தட்டுப்பாடு. காரியஸ்தர் கொடியடுப்புச் சட்டியைப் பார்த்துவிட்டு ஒருநாள் நிறுத்தச் சொல்லிவிட்டார்.

"ஒருத்தருக்குக் கஞ்சி, ஒருத்தருக்குச் சோறுன்னு இனிமே கிடையாது. இருக்கிறத எல்லாருக்கும் ஒண்ணாப் போடுங்க. அதுதான் நியாயம்."

"பல்லு இல்லாதவுகளுக்கும் இருக்கிறவுகளுக்கும் ஒரே சோளச் சோறுன்னா எப்படிங்க ஐயா?" என்றேன்.

"ஊரே பட்டினி கெடக்கும்மா. இவுகளுக்கு வேளா வேளைக்குத் தட்டு வருதே, அதப் பாரு."

எங்கள் வீட்டிலேயே அன்று உலை வைக்கவில்லை.

தட்டுகள் மறுபடி திரும்ப ஆரம்பித்தன. நொய்யும் உமியுமாக அரைவேக்காட்டுச் சோளம். பொக்கை வாய்க்குள் அதைப் போட்டு, நாள் முழுக்கக் குதப்பிவிட்டுக் கடைசியில் ஓரமாகத் துப்பிவிடுவார்கள். விழுங்கியவர்களுக்கு வயிறு போகும். நான் அந்தச் சோளச் சோற்றைப் பிசைந்து தண்ணீரில் கரைத்துக் கெண்டியில் ஊற்றிப் பார்த்தேன், மூக்கில் அடைத்துக்கொண்டது. துணியில் வடிகட்டினேன், வெறும் தண்ணீர்தான் இறங்கியது. டவாலி அதையும் குடித்துவிட்டு "நல்லாருக்கு" என்றார்.

அந்த ஐப்பசி மழையில் இரண்டு கூடத்திலும் பாய்கள் குறைந்துகொண்டே வந்தன. மிஞ்சியவர்களின் தோள்பட்டைக் குழிகளில் தண்ணீர் ஊற்றினால் நிற்கும் போலிருந்தது. திருப்பிப் படுக்கவைக்கும்போது எலும்பு தரையில் இடிக்கிற சத்தம் கேட்கும். முதுகில் புண் வந்தால் ஆறுவதில்லை. பெண்கள் கூடத்தில் பூக்கட்டிப் பிழைத்த ஒரு கிழவி இருந்தாள். அவளுக்குக் காலும் முகமும் உப்பிக்கொண்டு வந்தது. காரியஸ்தர் அவளைப் பார்த்துவிட்டு, "பாரு, சோளம் தின்னு இவ தேறிட்டா" என்றார். நான் அவள் கணுக்காலில் விரலால் அழுத்திக் காட்டினேன். அழுத்தின இடம் குழியாகவே நின்றது, மேடாகவில்லை. காரியஸ்தர் கொஞ்ச நேரம் அந்தக் குழியைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு சாவிக்கொத்தைத் தடவிக்கொண்டே போய்விட்டார். அவருக்கும் வீட்டில் தள்ளாத தாய் ஒருத்தி இருந்தாள் என்று பிற்பாடு கேள்விப்பட்டேன்.

தை பிறந்ததும் முதலாளியின் தகப்பனாருடைய திதி வந்தது. ஒவ்வொரு வருஷமும் அன்று விடுதியில் விருந்து. யுத்தமாயிற்றே, இந்த வருஷம் இருக்காது என்று நினைத்தோம். ஆனால் முந்தின நாள் ஒரு வண்டி வந்து நின்றது. சம்பா அரிசி, துவரம்பருப்பு, உளுந்து, வெல்லம், ஒரு தகரம் நெய், கட்டுக்கட்டாக வாழையிலை. சமையல்கட்டு வாசலில் இறக்கி வைத்த மூட்டையை அண்ணன் அவிழ்த்து, ஒரு பிடி அரிசியைக் கையில் அள்ளி மோந்து பார்த்தார்.

"தங்கச்சி, இம்புட்டு அரிசியையும் கஞ்சியாக் காச்சினா எத்தன நாளைக்கு ஓட்டலாம் தெரியுமா?" என்றார். காது மந்தமானவர் என்பதால் அவர் பேச்சு எப்போதும் உரக்கத்தான் இருக்கும். காரியஸ்தருக்கும் கேட்டிருக்கும்.

நான் காரியஸ்தரிடம் கேட்டுப் பார்த்தேன். பல்லில்லாதவர்களுக்கு மட்டும் வடை வேண்டாம், பருப்புச் சோற்றைக் குழைத்துக் கொடுக்கிறேன் என்று.

"அவுகப்பா பேருல நடக்கிற சாப்பாடும்மா. ஒரு எலையில ஒண்ணு கொறஞ்சாலும் என்னத்தான் கேப்பாக. வருஷத்துல ஒரு நாள், வாய்க்கு ருசியாத் தின்னுட்டுப் போகட்டுமே." சொல்லிவிட்டு, மாடத்தில் இருந்த கெண்டியை எடுத்து அவரே சாமான் வைக்கிற உக்கிராண அறைக்குள் வைத்துப் பூட்டினார். "வர்றவுக கண்ணுல இது பட்டா ஆஸ்பத்திரி மாதிரித் தெரியும்."

மறுநாள் முதலாளி குடும்பத்தோடு வந்தார். கூட ஊர்ப் பெரிய மனிதர்கள், அவர்களுடைய வீட்டுப் பெண்கள், ஒரு போட்டோக்காரர். கூடத்தில் தோரணம் கட்டியிருந்தது. கிழவர்களுக்குப் புது வேட்டி, கிழவிகளுக்குப் புதுப் புடவை. இலையில் ஆவி பறக்கிற சோறு விழுந்ததும் சிலர் கண்ணீர் விட்டார்கள். விருந்தினர்கள் வரிசையில் நடந்து, "சாப்பிடுங்க, நல்லாச் சாப்பிடுங்க" என்று ஒவ்வொருவரையும் உபசரித்தார்கள். அவர்கள் அன்பாகத்தான் சொன்னார்கள். நான் ரச வாளியோடு ஆண்கள் கூடத்தின் ஒரு கோடியில் இருந்தேன். டவாலி மறு கோடியில்.

அவர் கையை மடியில் வைத்துக்கொண்டு இலையையே பார்த்துக்கொண்டிருந்தார். பட்டுப் புடவை கட்டிய ஓர் அம்மாள் அதைக் கவனித்துவிட்டாள். யாரோ வக்கீல் வீட்டு அம்மாள் என்று சொன்னார்கள். புடவை அழுக்காகுமே என்று பாராமல் அவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள்.

"ஏன் தாத்தா சாப்பிடலை?"

"அப்பறமாச் சாப்புடுறேம்மா."

"கை நடுங்குதா? அடடா. நான் ஊட்டிவிடுறேன், வாயைத் திறங்க."

அவள் வடையைக் கையில் எடுத்தாள். போட்டோக்காரர் அதைப் பார்த்துவிட்டு ஓடி வந்து, முக்காலியை ஊன்றி, "அம்மா, அப்படியே பிடிச்சுக்கங்க. தாத்தா, கொஞ்சம் இந்தப் பக்கம். அசையாதீங்க" என்றார். முதலாளி பின்னால் வந்து நின்றார். எல்லாரும் அந்தப் பக்கம் திரும்பினார்கள். டவாலி ஒரு தரம் கூடம் முழுவதும் கண்ணால் தேடினார். என்னைப் பார்த்தாரா என்று தெரியாது. பெரிய மனிதர்கள் சொன்னால் மறுக்கக் கூடாது என்பதையே உத்தியோகமாகப் பார்த்த மனுஷர். வாயைத் திறந்தார்.

படம் எடுத்தாயிற்று. அந்த அம்மாள் சிரித்துக்கொண்டே, "கடிச்சுக்கங்க" என்று வடையை உள்ளே தள்ளினாள். கடிக்க அவருக்குப் பல் ஏது. விழுங்கப் பார்த்தார்.

நான் வாளியைப் போட்டுவிட்டு ஓடினேன். இலைகளைத் தாண்டி நான் போய்ச் சேர்வதற்குள் அவர் முகம் கறுத்துவிட்டது. சத்தமே இல்லை. வாய் திறந்திருக்கிறது, கண் பிதுங்குகிறது, ஒரு முனகல்கூட வெளியே வரவில்லை. அதற்குள் அண்ணன் சமையல்கட்டிலிருந்து வந்து, அவரைத் தன் கைமேல் குப்புறச் சாய்த்து முதுகில் ஓங்கி ஓங்கி அடித்தார். பிறகு தொண்டைக்குள் விரலை விட்டுத் தோண்டி எடுத்தார். விசில் அடிக்கிற மாதிரி மூச்சு திரும்பி வந்தது.

"ஒண்ணுமில்லை, பொரையேறிடுச்சு. கூட்டம் போடாதீங்க, காத்து வரட்டும்" என்றார் முதலாளி. அந்த அம்மாள் நடுங்கிப்போய் அழுதுகொண்டு நின்றாள். அவளை யாரோ கூட்டிக்கொண்டு போய்க் காரில் உட்காரவைத்தார்கள். நாங்கள் டவாலியைப் பாயில் கிடத்தினோம். விருந்து தொடர்ந்தது. பாயசம் நான்தான் ஊற்றினேன்.

அன்று சாயங்காலமே அவருக்குக் காய்ச்சல் கண்டது. மார்பில் கரகரவென்று சத்தம். மறுநாள் காரியஸ்தரே தல்லாகுளத்திலிருந்து ஒரு டாக்டரைக் கூட்டி வந்தார். அவர் குழாய் வைத்துப் பார்த்துவிட்டு, போகக் கூடாத வழியில் ஏதோ போய்விட்டது என்றார். மருந்து எழுதிக் கொடுத்தார். அது எந்தக் கடையிலும் இல்லை, பட்டாளத்துக்கே போதவில்லை என்றார்கள்.

காரியஸ்தரிடம் சாவி வாங்கிக் கெண்டியை எடுத்து வந்தேன். ஒரு வாய் கஞ்சி போனாலும் இருமல் பிய்த்துக்கொண்டு வந்தது, உதடு நீலம் பாரித்தது. டாக்டர் பஞ்சை நனைத்து உதட்டில் ஒற்றச் சொல்லியிருந்தார். அதைத்தான் செய்தேன்.

"அந்த அம்மா மேல கோவிச்சுக்காத தாயி" என்றார் ஒருநாள். "பிரியமாத்தான் குடுத்துச்சு."

"நீங்க பேசாதீங்க ஐயா, மூச்சு வாங்குது."

கொஞ்ச நேரம் கழித்து, சின்னக் குரலில், "பசிக்குது" என்றார்.

விருந்து அரிசியில் மிச்சம் இருந்தது. அண்ணன் அதைப் பாலில் வேகவைத்துக் கூழாக்கி வைத்திருந்தார். சமையல்கட்டு முழுவதும் அந்த வாசனை. நான் அதில் ஒரு சொட்டுக்கூட அவர் வாயில் விடத் துணியவில்லை. பஞ்சைத் தண்ணீரில் நனைத்து உதட்டில் வைத்தேன். அவர் அதைக் குழந்தை மாதிரிச் சப்பினார். கடைசி வரைக்கும் அவருக்கு நினைவு தப்பவில்லை, பசியும் அடங்கவில்லை. ஒரு முற்பகல், நான் பெண்கள் கூடத்தில் பரிமாறிக்கொண்டிருந்தபோது போய்விட்டார். முதலாளி வீட்டிலிருந்து மாலை வந்தது.

"வயசு என்ன கொஞ்சமா?" என்றார் காரியஸ்தர்.

மறுநாள் காலை நான் போனபோது சமையல்கட்டில் பெரிய அடுப்போடு இன்னோர் அடுப்பும் எரிந்துகொண்டிருந்தது. நடக்க முடிந்த கிழவிகள் நான்கைந்து பேர் திருகை முன் உட்கார்ந்து, வறுத்த சோளத்தை மாவாகத் திரித்துக்கொண்டிருந்தார்கள். அண்ணன் ஒரு பெரிய அண்டாவில் அதைக் காய்ச்சிக் கிண்டிக்கொண்டிருந்தார். அவர் கண் சிவந்திருந்தது. புகையால் அல்ல.

"நான் சுட்ட வடை தங்கச்சி" என்றார் என்னிடம். "மொறுமொறுன்னு இருக்கணும்னு பாத்துப் பாத்துச் சுட்டேன்."

காரியஸ்தர் ஓடி வந்தார். "யாரக் கேட்டு ரெண்டு அடுப்பு? வெறகு இருக்கிற இருப்புல..."

"யாரையும் கேக்கல" என்றார் அண்ணன், கிண்டுவதை நிறுத்தாமல். "இனிமே பல்லுள்ளவுகளுக்கு ஒண்ணு, இல்லாதவுகளுக்கு ஒண்ணு. தின்னு முடிக்காம தட்ட எடுக்கக் கூடாது, தங்கச்சிக்கும் சேத்துத்தான் சொல்றேன். இது ஆகாதுன்னா இந்தா கரண்டி. நான் போறேன்."

அந்தக் காலத்தில் ஒரு சமையல்காரர் போனால் இன்னொருவர் கிடைப்பது எளிதில்லை. காரியஸ்தர் அடுப்பைப் பார்த்தார், திருகை முன் இருந்த கிழவிகளைப் பார்த்தார். அவர்கள் திரிப்பதை நிறுத்தவில்லை.

"மொதலாளி கேட்டா நான் என்னத்தயா சொல்றது?"

"சமையக்காரன் செவிடன், எம்புட்டுச் சொல்லியும் அவன் காதுல ஏறலன்னு சொல்லுங்க."

காரியஸ்தர் கொல்லைப் பக்கம் போய், பட்டுப்போய் நின்ற வேப்பமரத்தை வெட்ட ஆள் பிடித்து வந்தார். விறகுக்காக.

தானாகச் சாப்பிட முடியாதவர்களுக்கு அன்றிலிருந்து நான் உட்கார்ந்து ஊட்டினேன். அந்தக் கஞ்சியால் எல்லாரும் பிழைத்துவிட்டார்கள் என்று எழுத எனக்கு ஆசைதான். பிழைக்கவில்லை. உப்பிப்போயிருந்த பூக்காரக் கிழவி அந்த வாரமே இறந்தாள். முதுகுப் புண்காரர்கள் ஒவ்வொருவராகப் போனார்கள். ரொம்ப நாள் காய்ந்த வயிறு, கொடுத்தாலும் வாங்கிக்கொள்ளவில்லை. ஆனால் தேறியவர்களும் உண்டு. எழுந்து உட்கார முடியாமல் இருந்த ஒரு கிழவர், சித்திரையில் தானாகக் கிணற்றடி வரைக்கும் போய்க் கால் கழுவிவிட்டு வந்தார். கூடத்திலிருந்த அத்தனை பேரும் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

போட்டோ சட்டம் போட்டு வந்தது. பட்டுப் புடவை அம்மாள் சிரித்தபடி வடையை நீட்டுகிறாள், டவாலி வாயைத் திறந்திருக்கிறார். முன்னறையில் விடுதியைக் கட்டிய பெரியவர் படத்துக்குக் கீழே மாட்டினார்கள். வந்து போகிறவர்கள் அதைப் பார்த்து நெகிழ்ந்துபோவார்கள். நான் காலையில் உள்ளே நுழையும்போது தலையைக் குனிந்துகொள்வேன். கழற்றச் சொல்ல எனக்கு என்ன அதிகாரம்? அந்த அம்மாளுக்கு அவர் செத்துப்போன விவரத்தை யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள் என்றுதான் நினைக்கிறேன். ஒரு தீபாவளிக்கு அவள் வீட்டிலிருந்து ஒரு கூடை லட்டு வந்தது. அண்ணன் அதை உதிர்த்துப் பாலில் கரைத்துக் கொடுத்தார்.

யுத்தம் முடிந்து நூல் வர ஆரம்பித்தது. என் கணவர் தறியில் உட்கார்ந்தார். பாவு போட, நூல் சுற்ற வீட்டில் ஆள் வேண்டும். நான் வேலையை விட்டேன். எனக்குப் பதிலாக வந்தவள் அவனியாபுரத்துக்காரி, சின்ன வயசு, சுறுசுறுப்பானவள். ஒருநாள் முழுவதும் அவளைக் கூட வைத்துக்கொண்டு காட்டினேன். யாருக்குப் பல் இருக்கிறது, யாருக்கு இல்லை. ஊட்டும்போது நின்றுகொண்டு ஊட்டக் கூடாது, அவர்களோடு சமமாகத் தரையில் உட்கார வேண்டும். ஒரு வாய் இறங்கிவிட்டதா என்று தொண்டையைப் பார்த்துவிட்டு அடுத்த வாய் கொடுக்க வேண்டும். போதும் என்று சொன்னால் நம்பிவிடக் கூடாது.

அவள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள். பிறகு கேட்டாள், "இப்படிப் பாத்துப் பாத்து ஊட்டினா ஒருத்தருக்கு எம்புட்டு நேரம் ஆகும்க்கா?"

"ஆகிற நேரம் ஆகும்."

"இம்புட்டுப் பேருக்குமா?" என்று கூடத்தைச் சுற்றிப் பார்த்தாள். "அப்ப ஒரு வரிசை முடியுறதுக்குள்ள அடுத்த வேளைச் சோத்துக்கு மணி அடிச்சிருமே."

அவள் கேட்டது சரிதான். நான் அங்கே இருந்த காலத்திலும் அப்படித்தான் நடந்தது. ஒரு கோடியில் ஊட்டிக்கொண்டிருக்கும்போது மறு கோடியில் யாராவது காத்துக் காத்துத் தூங்கிவிடுவார்கள். அதை அவளிடம் சொல்வதற்குள் மணி அடித்தது. இரண்டு பேரும் எழுந்து வாளிகளைத் தூக்கிக்கொண்டோம்.